அடிநூல்

2024 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தங்கச்சிமடத்தில் அன்று மாலை மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு ஓடிவிட்டது. வாடைக்காற்று மட்டும் விடவில்லை. கடலோரக் கல்லறையில் மெழுகுவர்த்தியை மணலில் எவ்வளவு ஆழமாக ஊன்றினாலும் சுடர் நிற்காது. அதற்காகவே ஆண்டு முழுவதும் கொட்டாங்கச்சிகளைச் சேர்த்து வைப்பேன். காற்று வரும் பக்கம் ஒன்றைச் சாய்த்து வைத்து அதன் மறைவில் மெழுகுவர்த்தியை நட்டால் அரைமணி நேரம் தாங்கும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு இரண்டு. அண்ணனுக்கு வைக்கும் இரண்டில் ஒன்று என்னுடையது. மற்றது ஹூஸ்டனில் இருக்கும் அவருடைய மகனுடையது. அவன் வர முடியாத ஆண்டுகளில் அவனுக்காக நான் கொளுத்துவேன்.

இந்த முறை வீடியோவில் வந்தான். அங்கே காலை எட்டு மணி, கையில் காப்பிக் கோப்பை. "சித்தப்பா, அப்பாவைக் காட்டுங்கள்" என்றான். கைப்பேசியைத் திருப்பி, சாமந்தி மாலை போட்ட சிலுவையைக் காட்டினேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செவ்வாய்க்கிழமை எனக்கு முதல் ஓட்டு" என்றான். அங்கே அதிபர் தேர்தல். இந்த ஆண்டுதான் அவனுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. "எங்கள் சபையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான விசுவாசி ஒரு கட்சிக்குத்தான் ஓட்டுப் போட முடியும் என்கிறார்கள். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?"

அண்ணன் காலடியில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்று ஞாயிறு, கடை இல்லை. செவ்வாய்க்குள் அவனுக்குப் பதில் எழுத வேண்டும். அவனுக்கு மட்டும் எழுதினால் என்னை நல்லவனாகக் காட்டி எழுதிவிடுவேன் என்ற பயம் இருக்கிறது. அதனால்தான் நாலு பேர் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாள். படம் எடுத்து அனுப்பியிருந்தான். நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு வேட்பாளர்கள். கருக்கலைப்பு, திருமணம், பள்ளிக்கூடம், எல்லை என்று வரிசையாகக் கேள்விகள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. வரிவிலக்குப் பெற்ற சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்று அங்கே 1954 முதல் சட்டம் இருக்கிறதாம். அதனால் விடையை எழுதாமல், விடை மட்டுமே தெரியும்படி கேள்வியை எழுதியிருக்கிறார்கள். "இதில் ஏழை என்ற சொல்லே இல்லை, சித்தப்பா" என்று கீழே ஒரு வரி அனுப்பியிருந்தான். அவன் அப்பாவின் மகன்தான்.

அதே ஹூஸ்டனில் அவனோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண் போகும் சபையில் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறார்கள் என்றும் சொன்னான். அமெரிக்காவில் சுவிசேஷச் சபைகளைச் சேர்ந்த வெள்ளையர்களில் பத்தில் எட்டுப் பேர் 2016இலும் 2020இலும் ஒரு பக்கம் போட்டார்கள். கறுப்பினப் புராட்டஸ்டன்டுகளில் பத்தில் ஒன்பது பேர் மறுபக்கம். எங்கள் ஆள்கள், அதாவது கத்தோலிக்கர்கள், ஏறத்தாழ பாதிக்குப் பாதி. எல்லார் கையிலும் இருப்பது ஒரே வேதம், ஒரே மலைப்பொழிவு.

கருக்கலைப்பைச் சிறிய விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் திருச்சபை அதை உயிர்க்கொலை என்கிறது, நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த ஓர் அளவுநாடாவை மட்டும் இங்கே கொண்டுவந்தால் எந்தக் கட்சிச் சட்டையும் எனக்குப் பொருந்தாது. 1971 முதல் இந்தியாவில் அதற்குச் சட்டம் இருக்கிறது. அதை எடுப்போம் என்று சொல்லி எந்தக் கட்சியும் ராமநாதபுரத்தில் ஓட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது விமானத்தில் போப் பிரான்சிஸிடம் இந்த அமெரிக்கத் தேர்தலைப் பற்றிக் கேட்டார்கள். புலம்பெயர்ந்தவர்களை விரட்டுகிறவர், கருவைக் கொல்வதை ஆதரிக்கிறவர், இருவருமே உயிருக்கு எதிரானவர்கள்தான். குறைந்த தீமையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எது குறைந்தது என்று எனக்குத் தெரியாது, அவரவர் மனச்சான்றைக் கேட்டு முடிவு செய்யட்டும் என்ற பொருளில் சொல்லிவிட்டார். ரோமாபுரியில் இருப்பவரே சொல்லாததைத் தங்கச்சிமடத்துத் தையல்காரன் சொல்லிவிட முடியாது.

என்னால் சொல்ல முடிந்தது எங்கள் வீட்டுக் கதைதான்.

அப்பா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயலில் வீடு, வத்தை, வலை மூன்றும் போய், கட்டிய வேட்டியோடு இந்தக் கரைக்கு வந்தவர். இங்கே முதலில் எழுந்த குடிசையில் திரு இருதய ஆண்டவர் படம் ஒன்று, பக்கத்தில் காமராசர் படம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே உயரம். அம்மா விளக்கேற்றுவது ஒன்றுக்குத்தான். ஆனால் துடைக்கும்போது இரண்டையும் துடைப்பாள். அம்மாவோ மனசுக்குள் எம்ஜிஆர் கட்சி. அவர் திரையில் துடுப்புப் பிடித்த நாளிலிருந்து இந்தக் கரையில் பாதிப் பெண்கள் அப்படித்தான். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அண்ணன் அம்மாவின் கட்சிக்குப் போனார். நான் வேறொரு கட்சி. எது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இந்த வரியோடு நின்றுவிடுவார்கள், மீதிப்பேர் "நம்மாள்" என்று தலையாட்டிக்கொண்டே படிப்பார்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

தொழில் என்று வந்தால் எனக்குக் கட்சி இல்லை. நாற்பது ஆண்டுகளாகக் கோயில் கொடியும் தைக்கிறேன், எல்லாக் கட்சிக் கொடியும் தைக்கிறேன். இப்போது கட்சிக்கொடிகள் அச்சடித்தே மூட்டையாக வந்துவிடுகின்றன. ஓரம் மடித்து, கழி நுழைகிற பக்கம் குழல்போல் தைத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. முன்பு அப்படி இல்லை. நிறத்துக்கு ஒரு துணி வெட்டி, இணைத்து, இரட்டைத் தையல் போட வேண்டும். கடற்கரைக் காற்றில் ஒற்றைத் தையல் ஒரு வாரம் தாங்காது. அந்தோணியார் கொடி மட்டும் இன்றும் முழுக்கக் கைவேலை. வெள்ளைத் துணி, நடுவே குழந்தை இயேசுவை ஏந்திய அந்தோணியார், சுற்றிலும் சரிகை, கயிறு போகிற மடிப்பில் உள்ளே ஒரு பட்டைத் துணி கூடுதலாக. ஏறும்போது சிக்கினால் ஊரே சகுனம் பார்க்கும்.

2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. அண்ணனின் கட்சி ஆட்சியில் இருந்தது. ஊரில் கூட்டம், ஊர்வலம், கறுப்புக் கொடி. அந்தக் கறுப்புக் கொடிகளையும் நான்தான் தைத்தேன், கூலி வாங்காமல். அண்ணன் கட்சியை விட்டு விலகுவார் என்று எதிர்பார்த்தேன். விலகவில்லை. கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்க, "ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குகிற நாக்கால் திங்கட்கிழமை அந்தக் கட்சிக்கு வாழ்க சொல்கிறாயே" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஒன்றரை ஆண்டுக்கும் மேல். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும். அவர் எனக்கு முன் வரிசையில் இடப்பக்கம் நிற்பார். கைகூப்பித் திரும்புவார். நான் அதற்கு முன்பே வலப்பக்கம் திரும்பி யாரோ ஒருவருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பேன். ஞாயிறு தவறாமல் இது நடந்தது. கோயிலில் என்னைவிட ஒழுங்காக யாரும் சண்டை போட்டிருக்க முடியாது.

2004 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த மே மாதமே சட்டம் திரும்பப் பெறப்படும் என்ற அறிவிப்பு வந்தது. வென்றுவிட்ட திமிரில் இருந்தேன். அப்போதுதான் மதினி ஒரு சட்டையைக் கொண்டுவந்தார், காலர் திருப்பித் தைக்க. பையில் ஒரு தாள் நான்காக மடித்துக் கிடந்தது. கார்பன் நகல். மை நீலம் பாதி உதிர்ந்திருந்தது. அண்ணன் தன் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளருக்கு எழுதிய மனு. இந்தச் சட்டம் எங்கள் கடற்கரை மக்களைக் காயப்படுத்துகிறது, இதைத் தலைமைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கோணல் எழுத்தில் ஒன்றேகால் பக்கம். தேதியைப் பார்த்தேன். கடை வாசலில் நான் அவரைக் கேட்ட நாளுக்கு ஒன்பது நாள் முந்தையது.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று போய்க் கேட்டேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. "வெளியே நின்று கத்த நீ இருந்தாய். உள்ளே நின்று சொல்ல ஒருவன் வேண்டாமா?" என்றார். அந்த மனு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. எந்த அலமாரியிலாவது கரையான் தின்றிருக்கும். அதனால் சட்டம் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன், தேர்தல் தோல்வியால் போயிற்று. ஆனால் தப்பான கட்சி என்று நான் முத்திரை குத்திய இடத்தில் நின்றுகொண்டு அவர் தன் பங்கைச் செய்திருந்தார். சரியான கட்சியில் இருந்த நான் என்ன செய்தேன் என்பது அடுத்தது. இதை இதுவரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

2019 தேர்தல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 18ஆம் தேதி. அது பெரிய வியாழன், புனித வெள்ளிக்கு முந்தைய நாள். தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நடக்கவில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்காக மாலையில் இரண்டு மணி நேரம் கூட்டிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு பாதம் கழுவும் சடங்குக்குத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் என் பெயரும் இருந்தது.

புதன்கிழமை இரவு ஒரு பை வந்தது. உள்ளே வெள்ளைக் கவர்கள். எங்கள் தெருவும் அடுத்த தெருவும் என் பொறுப்பு. யார் வீட்டில் எத்தனை ஓட்டு என்று பட்டியல் கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை. எல்லாருக்கும் அளவெடுத்தவன் நான், எந்த வீட்டில் எத்தனை கழுத்து என்று எனக்குத் தெரியாதா? நாற்பத்திரண்டு வீடு. மனசு உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. அதற்கு நான் வைத்திருந்த மருந்துதான் முக்கியம்: நம் மக்களுக்குப் பாதுகாப்பான கட்சி ஜெயிக்க வேண்டும், கோயிலும் பள்ளிக்கூடமும் பிழைக்க வேண்டும், அதற்குத்தானே. பேராசையால் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. விசுவாசத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன்.

நாற்பத்தொரு வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். கடைசி வீடு, கணவாய் உலர்த்தி விற்கும் ஒரு பாட்டியுடையது. தனி ஆள், ஒரு ஓட்டு. வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளைக்கு உன் காலைக் கழுவுகிறார்களாமே?" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓட்டுப் போட்டேன். மாலை ஆறரைக்குப் பீடத்துக்கு முன்னால் போட்ட பெஞ்சில் பன்னிரண்டு பேரும் வெள்ளைத் துண்டு போர்த்தி உட்கார்ந்தோம். வரிசையில் நான் ஏழாவது. இடது ஆள்காட்டி விரலில் மை இன்னும் பளபளப்பாக இருந்தது. எல்லார் விரலிலும்தான் இருந்தது. நான் மட்டும் அதை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தேன். பங்குச்சாமி குனிந்து என் வலக்காலைப் பிடித்தார். நாற்பது ஆண்டு மிதித்த தையல் மிஷினால் என் உள்ளங்காலின் முன்பக்கம் காய்த்துப்போய் ஆமையோடு மாதிரி இருக்கும். செம்பிலிருந்து தண்ணீர் விட்டு, அந்தக் காய்ப்பின் மேல் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். இது எதனால் வந்தது என்று யோசித்தாரோ என்னவோ. துடைத்துவிட்டு, வழக்கப்படி குனிந்து முத்தமிட்டார். அவருக்கு வயது எழுபது இருக்கும், எழும்போது முட்டி மடக்கென்று சத்தம் கேட்டது. நான் பெண்கள் பக்கம் பார்க்கவே இல்லை. பாட்டி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தேர்தலோடு கட்சி வேலையை விட்டேன். கட்சியை விட்டேனா என்று கேட்டால், இல்லை. அதே சின்னத்துக்கு அதற்குப் பிறகும் போட்டிருக்கிறேன், போடாமலும் இருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஈஸ்டர். பூசை முடிந்து வந்து ஆட்டுக்கறி அடுப்பில் இருக்கும்போது இலங்கைக் குண்டுவெடிப்புச் செய்தி வந்தது. கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் ஒரு சபை. இந்தக் கரையில் பாதி வீடுகளுக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. மாலையில் கடற்கரையில் கூடி நின்றபோது ஒருவர், "இது வியாழனுக்கு முன்னால் நடந்திருந்தால் இந்த ஊரில் ஓட்டு வேறு மாதிரி விழுந்திருக்கும்" என்றார். ராமநாதபுரத்தில் அந்த முறை ஒரு கூட்டணியின் வேட்பாளர் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்தவர், அதைத்தான் சொன்னார். அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கொடித்துணியை எனக்குக் கடனுக்குக் கொடுப்பவர் கீழக்கரைப் பாய். அன்று இரவு முதலில் ஃபோன் செய்து "சொந்தக்காரர்கள் நலமா?" என்று கேட்டவரும் அவர்தான். கொழும்பில் எவனோ வைத்த குண்டுக்கு இந்தப் பாயின் பிள்ளைகள் ராமநாதபுரத்தில் பதில் சொல்ல வேண்டுமா?

தம்பி, இதையெல்லாம் படித்துவிட்டு "அப்படியானால் விசுவாசம் வேறு, அரசியல் வேறு என்கிறீர்களா?" என்று கேட்பாய். அப்படிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித்தான் பலர் கவர் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். உபதேசியார் ஒருவர் எங்கள் தெருக் கிறிஸ்தவர்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார். 1965இல் வந்த ஏடு, இன்றைய உலகில் திருச்சபை என்பது. நல்ல கிறிஸ்தவர்களே ஒரு விஷயத்தில் நேர்மையாக வெவ்வேறு முடிவுக்கு வரலாம். அப்போது திருச்சபையின் அதிகாரம் என் பக்கம்தான் என்று எவரும் உரிமை கொண்டாடக் கூடாது என்ற கருத்து. கேட்டதும் எனக்குக் கடை வாசலில் அண்ணனை நான் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது.

நமக்கு நன்மை செய்யும் கட்சிக்குப் போடுவதில் என்ன தவறு என்பார்கள். நன்மை என்பதே சில சமயம் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். 2007இல் தமிழக அரசு கிறிஸ்தவர்களுக்குத் தனியாக 3.5 விழுக்காடு ஒதுக்கீடு கொடுத்தது. கோயிலில் நன்றிப் பூசை வைக்கலாமா என்றுகூடப் பேசினோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், பிற்படுத்தப்பட்டோருக்கான பொது ஒதுக்கீட்டில் இருந்தபோது கிடைத்த இடங்களைவிடக் குறைந்தது. அடுத்த ஆண்டே கிறிஸ்தவத் தலைவர்கள் கேட்டுக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொன்று, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காத 1950ஆம் ஆண்டு ஆணை. சீக்கியருக்கு 1956இல், பௌத்தருக்கு 1990இல் திருத்தினார்கள், நமக்கு இல்லை. 2023இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கேட்க வேண்டியதுதான். ஆனால் இதே தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைகளில் செத்த பிறகும் சாதிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் கேட்க எந்தக் கட்சியும் வர வேண்டியதில்லை, நாமே போதும். நாம் கேட்கவில்லை.

போதாக்குறைக்குக் கூட்டணிகள். இன்று மதச்சார்பின்மையின் காவலர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் 1999இலிருந்து 2003 வரை பா.ஜ.க. கூட்டணியில் இருந்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கிறது. மற்றவர்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். விசுவாசம்தான் கட்சியைத் தீர்மானிக்க வேண்டுமென்றால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நான் விசுவாசப் பிரமாணத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

போன வாரம் பீடச்சிறுவன் ஒருவன் கடைக்கு வந்தான், பிளஸ் டூ படிக்கிறான். நடிகர் விஜய் கட்சிக்கு ஆகஸ்டில் வந்த புதுக் கொடி, சிவப்பும் மஞ்சளும், இருபது எண்ணம். ஓரம் அடித்துக் கொடுக்க வேண்டும். விக்கிரவாண்டி மாநாட்டுக்குப் போய்வந்த தூசி இன்னும் பையில் இருந்தது. "எதற்குத் தம்பி இந்தக் கட்சி?" என்று கேட்டேன். "நம்மாள்தானே தாத்தா, ஜோசப்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. 2017இல் விஜய்யின் ஒரு படத்தை எதிர்த்தவர்கள், பார்த்தீர்களா ஜோசப் என்று இதே பெயரைத்தான் குற்றச்சாட்டாகச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளில் நால்வர், வேட்பாளரின் மதத்தைச் சொல்லியோ வாக்காளரின் மதத்தைச் சொல்லியோ ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை என்று தீர்ப்பளித்திருந்தார்கள். பையனிடம் தீர்ப்பெல்லாம் சொல்லவில்லை. அந்தக் கட்சி கடலைப் பற்றி என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான்.

கடல் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஆண்டு பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு நம் கரையிலிருந்து போகவில்லை. படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்ததை எதிர்த்து விசைப்படகுக்காரர்கள் புறக்கணித்தார்கள். திருவிழாவைப் புறக்கணிப்பது பாவம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தோணியாருக்குப் புரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பிறகு ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கட்டிக் கிடந்தது. எல்லா ஒலிபெருக்கியிலும் கச்சத்தீவு. கொடுத்தது யார், மீட்பது யார் என்று அந்த இரண்டு கேள்விதான். அங்கே நம் விசைப்படகின் இழுவைமடி அறுத்துப் போட்ட வலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறானே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருவன், அவனைப் பற்றி ஒரு கட்சிகூட ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? அவனுக்கு ராமநாதபுரத்தில் ஓட்டு இல்லை. அவனும் தமிழன், பல ஊர்களில் அவனும் கத்தோலிக்கன், அறுந்த வலையோடு அவன் போய் நிற்பதும் அந்தோணியாரிடம்தான். என் அயலான் யார் என்று வேதத்தில் ஒருவன் கேட்கிறானே, அந்தக் கேள்வியை எந்தத் தேர்தல் அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அதை நாம்தான் வாக்குச்சாவடிக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் எந்தப் பொத்தானும் சரியாகப் பொருந்தாது. அப்போதும் ஒன்றை அழுத்தித்தான் ஆக வேண்டும். அழுத்திவிட்டு வந்து, அந்தக் கட்சிக்கே ஒன்றேகால் பக்கத்துக்கு மனு எழுதவும் வேண்டும்.

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டாய். அவர் சொல்லியிருக்க மாட்டார், உனக்கே தெரியும். சொல்லக்கூடிய ஒன்று என்னிடம் இருக்கிறது.

2022 ஜனவரியில் அண்ணன் போனபோது உன்னால் வர முடியவில்லை. கட்சிக்காரர்கள் வந்து பெட்டியின் மேல் கட்சிக் கொடியைப் போர்த்தினார்கள். நாற்பது ஆண்டு உழைத்த ஆள், போர்த்த வேண்டியதுதான். கோயில் வாசலில் உபதேசியார் மெதுவாக, "உள்ளே சிலுவை மட்டும்" என்றார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. இருவர் கொடியை எடுத்து நான்காக மடித்தார்கள். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார்கள், நான் கையை நீட்டினேன்.

பூசை முழுவதும் அது என் மடியில் இருந்தது. பழைய கொடி, கறுப்பும் சிவப்பும் துண்டு துண்டாக வெட்டி இணைத்த காலத்தது. விரலால் தடவும்போதே தெரிந்துவிட்டது, இரட்டைத் தையல், என் கை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேல்நூல் கறுப்பு, அடிநூல் வெள்ளை. கோயில் கொடி தைத்த பிறகு பாபினில் மிச்சம் கிடந்த வெள்ளை நூலை மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே ஓட்டியிருக்கிறேன். எந்த ஆண்டு என்று நினைவில்லை. அண்ணன் அதைப் பார்த்திருப்பார், சொல்லியிருக்க மாட்டார்.

கடையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்.